உடல் சொல்லும் கணக்கு – 9: ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 7

ஆல்ஃபிரட் கின்சியைப் போன வாரம் பார்த்தோம். குளவி ஆராய்ச்சியிலிருந்து மனிதர்கள் பக்கம் திரும்பிய அமெரிக்க விலங்கியல் பேராசிரியர். அவரும் சகாக்களும் ஆயிரக்கணக்கானவர்களிடம் நேரில் அந்தரங்கம் கேட்டு, 1948-லும் 1953-லும் இரண்டு புத்தகங்கள் வெளியிட்டார்கள். தானாக வந்து பேசியவர்களை வைத்து ஊருக்கே கணக்குச் சொல்லலாமா என்று புள்ளியியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். சரி, ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தால் உண்மை வந்துவிடுமா?

பிரிட்டனில் அப்படித்தான் எடுத்தார்கள். 'நாட்சல்' என்ற தேசியப் பாலுறவு ஆய்வின் மூன்றாம் சுற்று 2010 முதல் 2012 வரை நடந்தது. பதில் சொன்னவர்கள் 15,000-க்கும் மேல். எதிர்பாலினத்தவர் எத்தனை பேருடன் இதுவரை உறவு என்ற கேள்விக்கு ஆண்களின் சராசரி 14, பெண்களின் சராசரி 7.

இடிக்கிறதே! ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் இருவர் கணக்கிலும் ஒன்று ஏற வேண்டும். கல்யாண மொய் மாதிரிதான். கொடுத்தவர் கணக்கும் வாங்கியவர் நோட்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு.

ஆண்கள் அளக்கிறார்கள், பெண்கள் மறைக்கிறார்கள் என்று முடித்துவிடலாமா? மிஷெல் அலெக்சாண்டர், டெர்ரி ஃபிஷர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவினர், விடைத்தாளை யாராவது பார்த்துவிடக்கூடும் என்று நினைக்கும்படி உட்காரவைக்கப்பட்டார்கள். இன்னொரு குழுவுக்குப் பெயர் தெரியாது என்ற உறுதி. மூன்றாவது குழுவின் உடம்பில் கம்பிகளை ஒட்டி, இது பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்றார்கள். உண்மையில் அது வேலையே செய்யவில்லை. ஆனால் பெண்கள் சொன்ன சராசரி 2.6, 3.4, 4.4 என்று படிப்படியாக ஏறியது. ஆண்களுடையதோ 3.7, 4.2, 4.0 என்று பெரிதாக அசையவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெண்களின் எண்ணைக் குறைத்திருந்தது.

ஆனாலும் எல்லாப் பழியையும் பொய்யின் மேல் போட முடியாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிர்ஸ்டின் மிட்செல் குழு நாட்சல் பதில்களை மறுபடி அலசியது. மிகப் பெரிய எண்களைச் சொன்ன 1 சதவீதத்தினர் ஆண்களின் சராசரியை மேலே இழுத்திருந்தார்கள். பெண்களில் பலர் ஒவ்வொருவராக எண்ணிச் சொல்ல, உத்தேசமாகச் சொன்னவர்கள் ஆண்களில்தான் அதிகம். இவற்றையும் பாலுறவு பற்றிய மனப்போக்கையும் கணக்கில் சேர்த்ததும், 7 என்றிருந்த இடைவெளி 2.6 ஆகச் சுருங்கியது. வீடு வீடாகப் போகும் ஆய்வில் பாலியல் தொழிலாளர்கள் அதிகம் சிக்கமாட்டார்கள் என்பதும் இந்த ஓட்டைக்கு ஒரு காரணம்.

ஆகவே இங்கே கேள்வி கேட்பதே ஒரு தொழில்நுட்பம். நாட்சல் முதல் சுற்றில் கூச்சமான விடைகள் அட்டையில் அச்சாகியிருந்தன. பக்கத்திலிருந்த எழுத்தை மட்டும் சொன்னால் போதும். இன்னும் அந்தரங்கமானவற்றைத் தானே எழுதி உறையில் ஒட்டித் தரலாம்.

மக்கள்கூடப் பேசிவிட்டார்கள், அரசுதான் கூச்சப்பட்டது. எய்ட்ஸ் எந்த வேகத்தில் பரவும் என்று கணிக்கத் தேவைப்பட்ட ஆய்வு இது. இருந்தும் 1989-ல் தாட்சர் அரசு பணம் தர மறுத்தது. வெல்கம் அறக்கட்டளை கைகொடுத்ததால் ஏறத்தாழ 19,000 பேரிடம் பேச முடிந்தது.

வாயை நம்பினால்தானே இத்தனை சிக்கல், உடம்பையே அளந்துவிட்டால் என்ன? 1950-களில் செயின்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸ் அதில் இறங்கினார். அவருடைய ஆய்வகத்துக்கு வரச் சம்மதித்தவர்கள் யார் என்பதில், கின்சியைத் துரத்திய அதே கேள்வி அவருக்காகவும் காத்திருந்தது.

(தொடரும்)