படுக்கையறையில் ஓர் ஆய்வுகூடம்

1938 இல் வந்த இனச் சட்டங்கள், யூதப் பெண்ணான றீற்றா லெவி மொந்தல்சினிக்கு இத்தாலியிலே பல்கலைக்கழகக் கதவுகளை அடைத்தன. தூரின் நகரில் தம் படுக்கையறையையே அவர் ஆய்வுகூடமாக்கினார். தையலூசிகளைத் தீட்டிச் சத்திர ஆயுதங்களாக்கினார்.

கோழி முளையத்தின் அவயவ அரும்பை வெட்டினால், அதற்குரிய நரம்புக் கலங்கள் அருகிவிடும். அவை தோன்றுவதேயில்லையென 1934 இல் அமெரிக்காவிலிருந்து எழுதினார் விக்ரர் ஹம்பேகர். றீற்றா கண்டதோ, அவை தோன்றி, வளர்ந்து, பின்னரே மடிகின்றன என்பது. இச்சிறு வேறுபாட்டிலேயே அவரது மேதைமை முழுவதும் அடங்கியிருப்பதாக நான் எண்ணுகிறேன். மடிகின்றனவெனின், வாழவைக்கும் பொருளொன்றும் இருத்தல் வேண்டுமன்றோ?

தம் கருத்தை மறுத்தவரை ஹம்பேகரே வரவழைத்தார். 1947 இல் செயின்ற் லூயிஸ் நகரஞ் சென்ற றீற்றா, 1950களில் ஸ்ரான்லி கோகனுடன் கூடி அப்பொருளைக் கண்டார்: நரம்பு வளர்ச்சிக் காரணி. 1986 இல் இவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹம்பேகர் அதிற் சேர்க்கப்படாமை என் மனத்தை இன்றும் உறுத்துகின்றது.