இரவு வானில் எழும் குமிழ்கள்: ஜிபிஎஸ் தடுமாறுவது ஏன்?

மணி இரவு 8. சூரியன் மறைஞ்சாச்சு, வானம் அமைதியாகத் தெரிகிறது. ஆனால் உங்கள் தலைக்கு மேல் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் நிலைமையே வேறு!

அங்கிருப்பது அயனி மண்டலம். பகலில் சூரியனின் புறஊதாக் கதிர்கள் காற்றில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடும். அடர்த்தியான பகுதியில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் ஒரு மில்லியன் எலெக்ட்ரான்கள் இருக்கலாம்.

இருட்டியதும்?

100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கொஞ்சம் அடர்த்தி. பிரிந்த எலெக்ட்ரான்கள் சீக்கிரமே மறுபடி சேர்ந்துவிடும். 300 கிலோமீட்டரில் அது மெதுவாகத்தான் நடக்கும். ஆக, மேலே கனம், கீழே லேசு. கண்ணாடிக் குவளையில் எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்க. எண்ணெய் சும்மா இருக்காது, மேலே கிளம்பிவிடும். வானத்திலும் அதே கதைதான். அடர்த்தி குறைந்த பகுதிகள் குமிழ்களாக எழும்பும். சில குமிழ்கள் 1,000 கிலோமீட்டரையும் தாண்டும். உள்ளே எலெக்ட்ரான்கள் சுற்றுப்புறத்தைவிட 100 மடங்குகூடக் குறைவாக இருக்கலாம்.

இது ஏன் நம்ம வட்டாரத்தில் அதிகம்? பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி, தென் தாய்லந்து அருகே போகிறது. சிங்கப்பூர் அதற்குச் சற்றே தெற்கே. அந்தக் கோட்டருகே சூரியன் மறையும் வேளையில் உருவாகும் மின்புலம், அயனி மண்டலத்தை இன்னும் மேலே தூக்கிவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அதிலும் சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில், குமிழ்கள் அதிகம்.

ஜிபிஎஸ் துணைக்கோளங்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் சமிக்ஞை குமிழ்களைக் கடக்கும்போது நட்சத்திரம் மின்னுவதுபோல் துடிக்கும். சில நேரம் கருவி அதைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவும் இது மாறலாம். 2002 மார்ச் 4. ஆப்கானிஸ்தானின் தக்குர் கர் மலை. போரில் இருந்த அமெரிக்கப் படையினரின் ஹெலிகாப்டருக்கு வானொலி எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. 7 அமெரிக்க வீரர்கள் மாண்டனர். தகவல் தடைப்பட்டதற்கு மலைகளோடு இந்தக் குமிழ்களும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று 2014இல் வெளியான ஆய்வு சொன்னது.

உங்கள் கைத்தொலைபேசி? அது ஒரே நேரத்தில் பல துணைக்கோளங்களைப் பயன்படுத்துகிறது. அதனால் வாடகைக் கார் தப்பான புளோக்குக்கு வந்தால் குமிழைத் திட்டாதீங்க. உயரமான கட்டடங்களே காரணமாக இருக்கும். சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளப்பவர்களுக்குத்தான் தலைவலி. அவர்களுக்குப் பகல் வேளையே தோது.

எந்த மாதத்தில் குமிழ்கள் அதிகம் என்று சொல்லிவிடலாம். இன்றிரவு வருமா என்பதைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.