வெப்பம் மின்னாகும் விந்தை: கோபாற்று ஒட்சைட்டின் இயல்பு

மின்கம்பிகள் எட்டாத சோவியத் நாட்டுக் கிராமங்களில் 1950களில் புதுவகை மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று வழங்கிற்று. அதன் மேற்புறத்தைச் சூழ்ந்து உலோகத் தகடுகள் அமைந்திருந்தன. விளக்கை ஏற்றியதும் அவற்றுடன் இணைந்த வானொலிப் பெட்டி ஒலிக்கத் தொடங்கும். சுடரின் வெப்பத்தில் ஒரு பகுதி நேரே மின்னாக மாறியமையே அதற்குக் காரணமாகும்.

இவ்வியல்பை 1821ஆம் ஆண்டில் சேபெக் என்னும் ஜேர்மன் அறிஞர் கண்டறிந்தார். இருவேறு உலோகங்களை இரு முனைகளிலும் பொருத்தி, ஒரு முனையைச் சூடாக்கியபோது, அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. அவர் அதனைக் காந்த விளைவென்றே கருதினார். ஊசியை அசைத்தது மின்னோட்டமே என்பது பின்னர் தெளிவாயிற்று.

இத்தொழிலுக்கு உகந்த பொருள் எத்தகையது? வெப்பநிலை வேறுபாட்டின் ஒவ்வொரு பாகைக்கும் அது மிகுந்த மின்னழுத்தம் தரவேண்டும், மின்னை எளிதிற் கடத்தவேண்டும், வெப்பத்தையோ கடத்தலாகாது. இம்மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது. செம்பு மின்னை நன்கு கடத்தும்; ஆயின் வெப்பத்தையும் கடத்திவிடும். அறைவெப்பநிலைக்கு ஏற்ற பிசுமது தெலுரைட்டு, உலையின் வெம்மையில் காற்றுப்பட்டால் சிதைந்துவிடும். ஒட்சைட்டுக்களோ முன்னரே ஒட்சிசனோடு கூடியவை. ஆதலின் வெங்காற்றையும் தாங்க வல்லவை.

1997ஆம் ஆண்டில் தெராசாக்கி முதலிய ஜப்பானிய அறிஞர், சோடியம் கோபாற்று ஒட்சைட்டு மின்னை நன்கு கடத்துவதோடு பாகைக்கு ஏறத்தாழ 100 மைக்குரோவோற்று அழுத்தமும் தருவதைக் கண்டனர். அதன்பின் கோபாற்று ஒட்சைட்டுக்கள் பலவும் ஆராயப்பட்டன. அவற்றுள் ஒன்று இலந்தனம் கோபாற்று ஒட்சைட்டு. 1839இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றுக்கு இடப்பட்ட பெரோவ்ஸ்கைற்று என்னும் பெயரே இதன் பளிங்கமைப்புக்கும் உரியது. இதில் ஒவ்வொரு கோபாற்று அணுவையும் ஆறு ஒட்சிசன் அணுக்கள் சூழ்ந்துள்ளன.

இலந்தனத்திற் சிறிதளவை நீக்கி ஸ்ரொன்சியத்தைச் சேர்த்தால், சில கோபாற்று அணுக்கள் ஓர் இலத்திரனை மேலும் இழக்கின்றன. அக்குறை அணுவுக்கு அணு தாவுவதே இங்கு மின்னோட்டம். குறையற்ற அணுவில் ஆறு இலத்திரன்களும் இணைசேர்ந்து ஒரே ஒழுங்கில் அமைகின்றன. குறையுற்ற அணுவில் ஐந்து இலத்திரன்கள் ஆறு வகையாக அமையலாம். தாவுகின்ற குறை இப்பல்வகைமையையும் உடன் கொண்டுசெல்வதால் மின்னழுத்தம் பெருகுகின்றது. கோஷிபாயே, மாயெகாவா முதலியோர் 2000ஆம் ஆண்டில் இதனை விளக்கினர். இவ்வொரு காரணத்தால் மட்டுமே பாகைக்கு ஏறத்தாழ 154 மைக்குரோவோற்று பெறலாம் என்பது கணக்கு. செம்பில் அது 2 அளவே.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. வெம்மை ஏற ஏறக் குறையற்ற அணுக்களின் இலத்திரன்களும் இணைபிரிந்து பலவாறு அமையத் தொடங்குகின்றன. இருவகை அணுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அருகுகின்றது. ஏறத்தாழ 230 பாகை செல்சியசை அணுகுங்கால் இப்பொருள் உலோகம்போற் கடத்தத் தொடங்க, மின்னழுத்தமும் வீழ்கின்றது. உலையின் வெம்மையைத் தாங்கும் பொருள், அவ்வெம்மையிலேயே தன் சிறப்பை இழக்கின்றது.

உலைகளும் எந்திரங்களும் எரிபொருளின் பெரும்பகுதியை வெறும் வெப்பமாகவே வெளிவிடுகின்றன. அவ்வெப்பத்திற் சிறு பங்கை மீட்டாலும் பயன் பெரிது. ஆதலின் வேறு தனிமங்களைக் கலந்து, உயர்ந்த வெம்மையிலும் இவ்வேறுபாட்டைக் காக்க முயல்கின்றனர் ஆய்வாளர்.