நூல் யார் கையில்? – 17: ஒரு கோழிக்கு நாலு சென்ட்

போன வாரம் மெக்டொனால்ட்ஸ் வாடகை வாங்கித் தழைத்த கதை. ரே கிராக், ஹாரி சோன்போர்ன், மனையும் கட்டடமும் கம்பெனி கையில். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் சரவண பவன் துபாய்க்குப் போன கதை என்று வாக்குக் கொடுத்திருந்தது. எழுத உட்கார்ந்த நேரத்தில் காகித வாளி ஒன்று குறுக்கே உருண்டு வந்துவிட்டது. துபாய் கொஞ்சம் பொறுக்கட்டும்.

வாளி என்றால் கே.எஃப்.சி. வாளிதான். வறுத்த கோழியை வாளியில் போட்டு விற்கும் யோசனை யாரோ விளம்பரக்காரர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தது என்றுதான் தோன்றும். நடந்த கதை அதைவிடச் சுவையானது. வருஷம் 1957. டென்வர் நகரத்தில் கர்னல் சாண்டர்ஸிடம் உரிமம் வாங்கிக் கோழி வறுத்துக்கொண்டிருந்த ஒரு கடைக்காரர், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் ஒருவரின் பேச்சில் மயங்கி 500 காகித வாளிகளை வாங்கிப் போட்டுவிட்டார். வாங்கிய பிறகுதான், இதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. சாண்டர்ஸிடம் புலம்பினார். சாண்டர்ஸ், சால்ட் லேக் சிட்டியில் கடை வைத்திருந்த பீட் ஹார்மனுக்குப் போன் போட்டார். ஹார்மன் 'சரி, அனுப்புங்கள்' என்றார். 14 துண்டு கோழி, ஐந்து பன், கொஞ்சம் கிரேவி எல்லாம் சேர்த்து வாளி மூன்றரை டாலர் என்று விலை வைத்தார். ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

சந்தையில் ஏமாந்து வாங்கி வந்த சாமானைப் பங்காளி தலையில் கட்டுவது நம் பக்கம் தினமும் நடப்பது. கட்டப்பட்ட பங்காளி அதையே உலகமெல்லாம் தெரிந்த சின்னமாக்கிய கதை வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம்.

ஹார்மன்தான் சாண்டர்ஸின் முதல் உரிமதாரர், 1952இல் சேர்ந்தவர். சாண்டர்ஸ் 'கர்னல்' ஆனது பட்டாளத்தில் அல்ல. கென்டக்கி மாநில ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம் அது. கார்பின் என்ற சிற்றூரில், நெடுஞ்சாலை ஓரத்தில் ஹோட்டல் நடத்தியவர். கோழியைச் சட்டியில் வறுக்க அரை மணி நேரம் ஆகிறது, வந்தவர் காத்திருக்க மாட்டேன் என்கிறார் என்று 1939இல் பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றி வறுக்கப் பழகினார். அமோகமாக ஓடிய கடை, 1950களின் நடுவில் புதுச் சாலை ஊருக்கு வெளியே போகிறது என்றதும் படுத்துவிட்டது. பைபாஸ் வந்து கூட்டம் இழந்த டீக்கடைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்போது அவருக்கு வயது 65. அரசாங்கம் கொடுத்த முதியோர் உதவித்தொகை மாதம் 105 டாலர். குக்கரையும் மசாலாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரருக்கே சமைத்துப் போட்டார். பிடித்திருந்தால் கையைக் குலுக்கி ஒரே ஒப்பந்தம்: விற்கும் ஒவ்வொரு கோழிக்கும் 4 சென்ட். மசாலா பொட்டலமாக வந்து சேரும். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கக் கூடாது. கடை உன்னுடையது, அடுப்பு உன்னுடையது, ஆள் கூலி உன்னுடையது. பொட்டலம் மட்டும் என்னுடையது. 1964இல் 20 லட்சம் டாலருக்கு அவர் கம்பெனியை விற்றபோது 600க்கு மேற்பட்ட கடைகள் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தன.

இதைச் சென்னிமலையில் ஒரு நெசவாளரிடம் சொன்னால் கொட்டாவி விடுவார். அவருக்குத் தெரியாததா? நூல் சங்கத்திலிருந்து வரும். டிசைனும் அங்கிருந்துதான். தறி வீட்டுக்குள், குழியில் காலை விட்டு மிதிப்பது வீட்டுக்காரர், தார் சுற்றுவது வீட்டுப் பெண்கள். போர்வையைக் கொண்டுபோனால் அளப்பார்கள், எடை போடுவார்கள், விரித்துப் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கூலி. ஒருவர் தறியில் ஓடியதும் அடுத்த தெருத் தறியில் ஓடியதும் கடையில் ஒரே போர்வையாகத்தான் தெரிய வேண்டும். சாண்டர்ஸ் காரில் கிளம்புவதற்கு முன்பே இந்த ஏற்பாடு இங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வித்தியாசம்: எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் வளர்த்த கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளர் உறுப்பினர். நூலில் அவருக்கும் ஒரு நுனி உண்டு. சாண்டர்ஸின் பொட்டலத்தில் யாருக்கும் நுனி கிடையாது.

இப்போது கோழிக்கே வருவோம். ஒரு கோழியை 9 துண்டாக வெட்டுவது கே.எஃப்.சி. கணக்கு. கோழிக்குக் கோழி எடை மாறினால் துண்டு மாறும், துண்டு மாறினால் வேகும் நேரம் மாறும், வாளிக் கணக்கே குழம்பிவிடும். வாசலில் மேய்கிற நாட்டுக்கோழியை நம்பி இந்த வியாபாரம் நடக்காது. ஒரே எடைக் கோழி, வருஷம் முழுக்க, ஆயிரக்கணக்கில் வேண்டும். கே.எஃப்.சி. பெங்களூரில் முதல் கடை திறந்தது 1995 ஜூனில். அப்படிப்பட்ட கோழியை வளர்க்கும் ஏற்பாட்டில் கொங்கு நாடு அதற்கு முன்பே இறங்கிவிட்டது. உடுமலைப்பேட்டையில் 1984இல் சௌந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள் தொடங்கிய சுகுணா, 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த வளர்ப்புக்கு மாறியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. செட்டு, தண்ணீர், கரண்ட், கண்விழிப்பு விவசாயியுடையது.

சங்கம் நூல் கொடுத்த மாதிரியேதான். கோழி விவசாயியின் செட்டில் இருக்கும், அவருடையது அல்ல.

சென்னிமலையிலிருந்து காங்கேயம் போகிற வழியில் தோட்டங்களுக்குள் நீளமாகத் தெரிகிற செட்டுகளில் ஒன்றில் நுழைந்தால், காலடியில் தேங்காய் மஞ்சி மெத்தென்று அமுங்கும். பக்கவாட்டில் வலை, அதன் மேல் சுருட்டிவைத்த படுதா. முதல் வாரம் குஞ்சுகள் பல்பு வெளிச்சத்தில் குவிந்து கிடக்கும். 40 நாள் போனால் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ பக்கம். சூப்பர்வைசர் பைக்கில் வந்து தூணில் தொங்கும் அட்டையை முதலில் பார்ப்பார்.

"ஏனுங்கண்ணா, நேத்து எத்தனைங்க?"

"ஏழுங்க. வெயில் தாங்கலீங்க."

"மூட்டைக் கணக்கு?"

அந்த மூட்டைக் கணக்கில்தான் கூலி இருக்கிறது. ஒரு கிலோ கோழிக்கு எத்தனை கிலோ தீவனம் போனது என்பதை எஃப்.சி.ஆர். என்கிறார்கள், பள்ளிக்கூடம் தாண்டாதவரும் சரளமாகச் சொல்லும் மூன்று ஆங்கில எழுத்துகள். ஒன்றரையை ஒட்டி இருந்தால் முகத்தில் சிரிப்பு. இரண்டை நெருங்கினால் அந்த பேட்ச் கைக்கும் வாய்க்கும்தான். பல்லடத்தில் அன்றாடம் அறிவிக்கும் கறிக்கோழி விலை ஏறினாலும் இறங்கினாலும் அவர் கூலி பெரிதாக அசையாது. இறங்குகிற நாளில் அது நிம்மதி. ஏறுகிற நாளில் பேப்பரைப் பார்த்துப் பெருமூச்சு.

கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேடிக்கை. சாண்டர்ஸின் கடைக்காரர் கோழிக்கு இவ்வளவு என்று கொடுத்தார். இங்கே செட்டுக்காரர் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். பணம் போகும் திசை நேரெதிர். நூலைப் பிடித்திருக்கும் கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நூலே இல்லாத கோழி ஒன்றும் உண்டு. ஈரோட்டுக்கு எதிரே, காவிரிக்கு அந்தக் கரையில் பள்ளிபாளையம். அதுவும் தறி ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஒரு கோழி வறுவல்: சின்ன வெங்காயம், கிள்ளிப் போட்ட வரமிளகாய், பல் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய், உப்பு. பொட்டலம் கட்டி ஒளிக்க மசாலாவே இல்லை. 1960இல் ஈரோட்டில் மெஸ்ஸாகத் தொடங்கி இன்று கடல் தாண்டியும் கிளை வைத்திருக்கும் ஜூனியர் குப்பண்ணாவிலும் அது கிடைக்கும், நெடுஞ்சாலை தாபாவிலும் கிடைக்கும், கல்யாண வீட்டிலும் கிடைக்கும். பள்ளிபாளையத்துக்குக் கோழிக்கு நாலு பைசா என்று யாராவது வசூலித்திருந்தால் அந்த ஊர்த் தெருவுக்கெல்லாம் பளிங்குக்கல் பதித்திருக்கலாம். யாரும் வசூலிக்கவில்லை. ருசி எப்படி இவ்வளவு தூரம் பரவியது என்பதற்கும் அதுவேதான் காரணமாக இருக்கும்.

பக்கம் முடிந்துவிட்டது. சரவண பவன் 2000இல் துபாயில் கடை திறந்தபோது சாம்பார்ப் பொடி யார் கையில் இருந்தது என்பது அடுத்த வாரம். வாளி எதுவும் உருண்டு வராவிட்டால்.

(தொடரும்)