இருபத்தைந்து நிமிஷ விமானம் யாருக்கு?

தாராவி 90 அடி சாலையில் ஒரு டீக்கடை. வேலை முடிந்து வந்தவர்கள் கண்ணாடிக் கிளாஸைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். குர்லா பக்கமாக ஒரு விமானம் தாழ்ந்து இறங்குகிறது.

"பூனாவுக்கே பிளேன் விட்டாவளாம் மாமா" என்கிறான் தையல் பட்டறைப் பையன் ஒருவன்.

"பூனாவுக்கா? டெக்கான் குயீன்ல ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா பூனா. அதுக்கு எதுக்குல பிளேன்?" என்று கேட்கிறார் பெரியவர்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்விதான். வி.டி. ஸ்டேஷனிலிருந்து புனேக்கு ரயில் பாதையில் 192 கிலோமீட்டர். 1930 ஜூன் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கிய டெக்கான் குயீன் இந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு கடக்கிறது. ஆகாய மார்க்கத்தில் தூரம் சுமார் 120 கிலோமீட்டர். விமானம் வானத்தில் இருப்பது அரை மணிக்கும் குறைவு. இந்த வழியில் ஜெட் ஏர்வேஸ் விமானம் விட்டது. 2019 ஏப்ரலில் அந்தக் கம்பெனியே படுத்துவிட்டது. 2023-ல் ஏர் இந்தியா மறுபடி ஆரம்பித்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாராவியிலிருந்து சாந்தாகுரூஸ் போகவேண்டும். விமானம் புறப்பட இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்கவேண்டும். பிறகு ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பு. லோஹகாவில் இறங்கி, பெட்டி வரும் வரை நின்று, புனே ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் டெக்கான் குயீனில் போனவர் வீட்டில் கை கால் கழுவியிருப்பார். அப்படியானால் தாராவியிலிருந்து புனேக்குப் போகிறவருக்கு இந்த விமானம் இல்லை என்பது தெளிவு.

பின்னே யாருக்கு? லண்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து மும்பையில் இறங்குகிறாரே, அவருக்கு. புனேயின் லோஹகாவ் நிலையம் விமானப்படைத் தளம். அங்கிருந்து நேராக வெளிநாடு போகும் விமானங்கள் சொற்பம். ஆகவே புனேக்காரர் மும்பையில் மாறித்தான் ஆகவேண்டும். இரண்டு பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது கம்பெனியின் பொறுப்பு. சொந்தமாக டாக்சி பிடித்துப் போனால் கண்டாலா மலையில் லாரி கவிழ்ந்து நின்றதற்கு யாரும் ஜவாப்தாரி இல்லை.

ரயிலில் வந்தவர்களுக்கு இது புரியும். வாஞ்சி மணியாச்சியில் தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றித் தனி எஞ்சினில் மாட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள கொஞ்ச தூரத்துக்காகவா அந்த ஏற்பாடு? சென்னையிலிருந்து வருகிறவர் நடு ராத்திரியில் மூட்டை முடிச்சுடன் இறங்கி ஏறாமல் இருப்பதற்காக. புனே விமானமும் அப்படிக் கழற்றி மாட்டிய பெட்டி மாதிரிதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு ஊரில் விடிகாலை புறப்பட வேண்டிய விமானம் முதல் நாள் வேறு ஊரில் நிற்கும். அதைக் கொண்டு சேர்த்தாகவேண்டும். காலி ரேக்காகப் போவதைவிட நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனால் எண்ணெய்க் காசாவது மிஞ்சும் என்று கம்பெனி நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் குறுகிய தூரம் என்றால் செலவும் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. விமானம் எண்ணெயை அதிகம் குடிப்பது மேலே ஏறும்போது. புனே விமானம் ஏறி முடித்ததும் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. சக்கரம், பிரேக், எஞ்சின் எல்லாம் தேய்வது மைல் கணக்கில் மட்டும் அல்ல, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்ற கணக்கிலும்தான். உள்ளே காற்றை அடைத்து மேலே போய், இறங்கும்போது விடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் உடம்புத் தகடு பலூன் போல விம்மித் தணிகிறது. ஹவாய்த் தீவுகளுக்குள் குட்டிக் குட்டிப் பயணமாக ஓடிய அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் விமானம் ஒன்று 19 வருஷத்தில் 89,680 தடவை பறந்திருந்தது. 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி நடுவானில் அதன் முன்பகுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு பணிப்பெண் வானத்தில் மறைந்தே போனார். விமானி அந்தத் திறந்த விமானத்தை மௌயி தீவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார். உப்புக்காற்றில் அரித்த தகடு, ஓயாத விம்மலில் விரிசல் விட்டிருந்தது. பழைய விமானங்களைச் சோதிக்கும் முறையே அதன் பிறகு கடுமையாயிற்று.

மும்பைக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் இருக்கிறது. சாந்தாகுரூஸில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் உபயோகிக்க முடியும். அந்த நிலையிலும் 2018-ல் ஒரே நாளில் ஆயிரம் விமானங்களைக் கையாண்டிருக்கிறார்கள். லண்டன் போகும் பெரிய விமானத்துக்கும் நாசிக் போகும் பதினெட்டு சீட்டு விமானத்துக்கும் ஓடுபாதையில் வேண்டிய இடம் ஒன்றேதான். இடம் கொடுக்கிறவர் யாருக்குக் கொடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

விமானம் பிறந்த காலத்தில் எல்லாப் பயணமும் குட்டிப் பயணமாகத்தான் இருந்தது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் ஒற்றை எஞ்சின் விமானத்தில் புறப்பட்டார். ஆமதாபாத்தில் இறங்கினார், அங்கே பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில்! பிறகு நமது ஜூஹு. ஜூஹுவிலிருந்து நெவில் வின்சென்ட் மூட்டையை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். அன்று நின்று நின்று போனதற்குக் காரணம், ஒரே மூச்சில் பறக்க விமானத்துக்குத் தெம்பில்லாதது. இன்று தெம்பு இருக்கிறது. ஆகவே தரையில் வழி இல்லாத இடத்தில்தான் குட்டி விமானத்துக்கு உண்மையான மதிப்பு.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் யாழ்ப்பாணம். 1914 முதல் சென்னையில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயிற்று. ஏர் சிலோன் கம்பெனி 1947 டிசம்பர் 10-ஆம் தேதி தன் முதல் பயணத்தையே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் நடத்தியது. யுத்தம் வந்து எல்லாம் அறுந்தது. கடலுக்கு அக்கரையில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போக, கொழும்பில் இறங்கி வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் பஸ்ஸில் போனவர்கள் எத்தனையோ பேர். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பலாலிக்குப் பறந்தது. கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் இண்டிகோ தொடங்கியது. பயணம் சுமார் ஒரு மணி நேரம். இதைப் பார்த்து யாரும் 'எதுக்குல பிளேன்' என்று கேட்கமாட்டார்கள்.

உலகத்திலேயே மிகக் குட்டியான பயணமும் கடல் மேல்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கிலோமீட்டர். நம் கணக்கில் தாராவியிலிருந்து மாட்டுங்கா போகிற தூரம். அட்டவணைப்படி இரண்டு நிமிஷம். காற்று சாதகமாக வீசிய ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. 1967-லிருந்து லோகன்ஏர் கம்பெனி இதை நடத்துகிறது. அந்தத் தீவில் இருப்பது நூறு பேருக்கும் குறைவு. டாக்டரும் வாத்தியாரும் நோயாளியும் அதில்தான் போய்வருகிறார்கள். லாபம் வராது; அரசாங்கம் கைகொடுப்பதால் பறக்கிறது.

நம் நாட்டிலும் 2017 முதல் 'உடான்' திட்டத்தில் சிறிய ஊர்களுக்கு மானியம் கிடைக்கிறது. பெரிய ஊர்களுக்கிடையே பறக்கும் விமானங்களிடம் வரி போல வாங்கி இதில் போடுகிறார்கள். மும்பை-சென்னை டிக்கெட் வாங்குகிறவரின் பையிலிருந்தும் அதில் கொஞ்சம் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 2018 மார்ச்சில் சென்னை-சேலம் விமானம் அப்படி வந்தது. மானியம் மூன்று வருஷத்துக்குத்தான். 2021-ல் விமானம் நின்றது. 2023-ல் வேறு கம்பெனி வந்தது. ரயிலும் பஸ்ஸும் போட்டிக்கு நிற்கும் இடத்தில் இப்படித்தான் வருவதும் போவதுமாக இருக்கும்.

டீக்கடைப் பெரியவருக்கும் விமானம் தேவைப்படும் ஒரு நாள் உண்டு. ஊரில் தாய் கண்ணை மூடிவிட்டாள் என்று காலையில் போன் வருகிறது. தாதரில் ரயில் ஏறினால் நெல்லைக்கு ஒன்றரை நாள். அதுவரை எடுக்காமல் வைத்திருக்கமாட்டார்கள். மும்பையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து வாகைக்குளம் என்று இரண்டு விமானம் மாறினால் பொழுது சாய்வதற்குள் முகம் பார்க்கலாம். அந்த இரண்டாவது விமானம் இல்லையென்றால் முதல் விமானத்தில் போயும் பிரயோஜனம் இல்லை. சென்னையிலிருந்து நெல்லைக்கு இன்னொரு ராத்திரி ஆகிவிடும். கடன் வாங்கியாவது அந்த டிக்கெட்டை எடுத்தவர்கள் தாராவியில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

புனே விஷயத்தில் இன்னொரு மாறுதல் வந்திருக்கிறது. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையத்திலிருந்து விமானங்கள் புறப்படுகின்றன. அது பன்வேல் பக்கம். புனேக்காரருக்கு மலை இறங்கியதும் விமான நிலையம் வந்துவிடும். வெளிநாட்டு விமானங்கள் அங்கே பெருகப் பெருக, சாந்தாகுரூஸுக்கு இருபத்தைந்து நிமிஷம் பறந்து வரவேண்டிய அவசியம் குறையும்.

"அது சரி, தாராவியிலேருந்து பன்வேலுக்கு டாக்சி எவ்வளவு கேப்பான்?" என்கிறார் பெரியவர்.