கழற்றி வைத்தால்தான் காப்பு

பெங்களூரு டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சாதர் பத்ரப்பா சாலையை யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன அந்தத் தெருவில் புது ஹார்டு டிஸ்க் விற்பவரும் உண்டு, செத்துப்போன டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருகிறவரும் உண்டு. உள்ளே உடைந்த டிஸ்க் என்றால், இரண்டாமவர் கேட்கும் தொகைக்கு முதலாமவரிடம் புது டிஸ்க் ஒன்றல்ல, சிலவற்றையே வாங்கிவிடலாம்.

மீட்பது ஏன் அவ்வளவு கடினம்? சட்டைப்பைக்குள் அடங்கும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் பெட்டியில் இரண்டரை அங்குல வகைத் தட்டுகள் சுழல்கின்றன, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தட்டின் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. அதன் நுண்ணிய துணுக்குகள் எந்தத் திசையில் காந்தமாகியிருக்கின்றன என்பதுதான் உங்கள் கல்யாணப் படமும் வருமான வரிக் கணக்கும். எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதே இல்லை. சுழற்சி கிளப்பும் காற்றில், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசிப் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். சுரண்டிப் போனதை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது. ‘இஜெக்ட்’ கொடுத்து, சுழற்சி அடங்கிய பிறகு கேபிளை உருவச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. எழுதி முடியாமல் நினைவகத்தில் நிற்கும் தரவு போய்ச் சேரவும், முனை தட்டை விட்டு ஒதுங்கவும் அந்தச் சில நொடிகள் வேண்டும்.

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்கில் இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்து. இன்றைய செல்போனில் எடுக்கும் இரண்டொரு படத்துக்கே அது சரியாகிவிடும். இப்போது ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும்போது கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். பைட்டை ஜிபி ஆக்கத் தயாரிப்பாளர் திரும்பத் திரும்ப ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.

வாங்குவதில் பெரிய சூட்சுமம் இல்லை. வாங்கிய பிறகுதான் பலர் சறுக்குகிறார்கள். இடம் போதவில்லை என்று லேப்டாப்பிலிருந்து படங்களை டிஸ்குக்கு ‘மூவ்’ செய்துவிட்டு, பேக்கப் எடுத்தாயிற்று என்கிறார்கள். ஒரே பிரதிதான், வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது! இன்னும் சிலர் டிஸ்கை எப்போதும் லேப்டாப்பிலேயே செருகி வைத்திருப்பார்கள். 2017 மே மாதம் உலகை உலுக்கிய ‘வான்னாக்ரை’ போன்ற பிணைத்தொகை வைரஸ் புகுந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். மின்னழுத்தம் எகிறினாலும் இரண்டுக்கும் ஆபத்து.

டிஸ்கைத் தள்ளி வைக்கப் பெங்களூருக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகள் மூழ்கி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். தரைத்தளத்தில் லேப்டாப்பும் பேக்கப்பும் ஒரே மேஜையில் இருந்தால் தண்ணீர் இரண்டையும் ஒன்றாகத்தான் நனைக்கும்.

ஆகவே இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கின் டைம் மெஷின் என எந்த பேக்கப் மென்பொருளானாலும் வாரம் ஒருமுறை ஓடவிட்டுக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது பழைய ஃபைலை அதிலிருந்து திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பயனில்லை. மற்றொன்று ஓசூரிலோ சேலத்திலோ ஊர் வீட்டில் இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது இரண்டையும் மாற்றிக்கொண்டால் போதும். பஸ்ஸில் பை தொலைந்துபோகலாம் என்பதால் பிட்லாக்கர் மாதிரி ஒரு மென்பொருளைக் கொண்டு கடவுச்சொல் போட்டு டிஸ்கைப் பூட்டிவிடுங்கள். அதன் மீட்புச் சாவி எண்ணை ஒரு தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள். கடவுச்சொல் மறந்து, அந்த எண்ணும் தொலைந்தால் எஸ்.பி. ரோட்டிலும் வழி கிடையாது.