ஏற்றியது எத்தனை, இறங்கியது எத்தனை?

மாங்குளம் - முல்லைத்தீவு வீதியால் ஒட்டுசுட்டானுக்குச் சாமான் கொண்டுவரும் வியாபாரிக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஏற்றிய பெட்டி எத்தனை என்பதல்ல, உடையாமல் இறங்கியது எத்தனை என்பதில்தான் இலாபம். வீதி குண்டும் குழியுமாகக் கிடந்த நாட்களில் முட்டை ஏற்றி நான் இதைக் காசு கொடுத்துப் படித்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் வாடிக்கையாளர் ஒருவர். அவரது மகனுக்கு ஹீமோபிலியா. குருதி உறையத் தேவையான எட்டாம் காரணி அவனுக்குப் போதியளவு சுரப்பதில்லை. மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "வேலூரில் வைரசு ஏற்றிச் சுகப்படுத்துகிறார்களாமே நானா, உண்மையா?" என்று கேட்டார்.

உண்மைதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டொக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழுவினர், அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, 22 முதல் 41 வயது வரையான ஐந்து பேருக்கு இதைச் செய்தார்கள். 2024 டிசம்பரில் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது.

நோயாளியின் குருதி மூலக்கலங்களை வெளியே எடுக்கிறார்கள். எய்ட்ஸ் வைரசின் இனத்தில், நோய் உண்டாக்கும் பகுதிகளை அகற்றிய ஒரு வைரசுதான் லொறி. எட்டாம் காரணிக்கான பரம்பரையலகு சரக்கு. ஆய்வுகூடத்தில் அதைக் கலங்களுக்குள் இறக்கி, கடும் மருந்தால் பழைய எலும்பு மச்சையை அழித்த பின், திருத்திய கலங்களை அவருக்கே ஏற்றுகிறார்கள்.

சிக்கல் இறக்குவதில்தான். இந்தக் கலங்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. வைரசை இலகுவில் உள்ளே விடா. போதாததற்குக் கலத்தின் மேற்பரப்பும் வைரசின் மேற்பரப்பும் மறை ஏற்றம் கொண்டவை, காந்தத்தின் ஒரே முனைகளைப் போல ஒன்றையொன்று தள்ளும். அப்படியானால் வைரசைக் கூட்டிக் கொட்டினால் என்ன? அதைத் தயாரிக்கப் பெருஞ்செலவு. ஒரு கலத்துக்குள் அளவுமீறிப் புகுந்தால் புற்றுநோய் அபாயமும் உண்டு. எனவே ஆய்வுகூடங்களில் வேறு வழி பார்க்கிறார்கள்: பொலிபிறீன் சேர்த்துத் தள்ளுவிசையைக் குறைப்பார்கள், இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி வைரசைக் கலத்தின்மேல் படியவைப்பார்கள், இரண்டையும் பிடித்துவைக்கும் புரதத்தைப் பாத்திரத்தில் பூசுவார்கள்.

வேலூரில் இருவருக்கு ஊக்கிப் பொருள் சேர்க்காமலும், மூவருக்குச் சேர்த்தும் செய்தார்கள். சாதாரண மனிதனின் அளவை 100 என்று வைத்தால், முதல் இருவருக்கும் கிடைத்த காரணி 5.2, 1.7. மற்ற மூவருக்கு 37.1, 19.3, 39.9. சரக்கு ஒன்றே, இறக்கிய விதம் வேறு. கண்காணித்த காலத்தில் ஐவருக்குமே குருதிக்கசிவு இல்லை.

ஐந்து பேரை வைத்து மொத்த வியாபாரம் பேச முடியாது என்றும் அவரிடம் சொன்னேன். இன்னொன்றையும் மறைக்கவில்லை. காரணி கூடுதலாகச் சுரக்கட்டும் என்று இந்தப் பரம்பரையலகில் பன்றியினுடைய சில பகுதிகளைக் கலந்து வடிவமைத்திருக்கிறார்கள். அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய விடயம்.

விலையைக் கேட்டார். இதே நோய்க்கு வேறொரு வைரசைக் கொண்டு செய்யும் சிகிச்சை 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, ஒருவருக்கு 29 இலட்சம் டொலர் என்றேன். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டார். குறைந்த வைரசில் கூடுதல் கலங்கள் பிடித்தால் அந்தத் தொகை இறங்க வழியுண்டு என்று, மீண்டும் முட்டைப் பெட்டிக் கணக்கில் இருந்து தொடங்கி விளங்கப்படுத்தினேன்.